ஒரு நாளில் வந்த மூச்சல்ல

1970களின் தொடக்கம். எத்தாளையில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு தேநீர்க் கடை இருந்தது. கிடுகுக் கூரை, மணல் தரை, பலகை அலுமாரியின் மேல் ஒரு வானொலிப் பெட்டி. சுபஹுத் தொழுகை முடிந்து வரும் முதியவர்களும், கரைவலை இழுக்கப் போகும் ஆட்களும், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போகிறவர்களும் அங்குதான் முதல் தேநீரைக் குடிப்பார்கள். ஒரு பக்கம் பெருங்கடலும் மறுபக்கம் புத்தளம் களப்புமாகக் கிடக்கும் எங்கள் கற்பிட்டிக் குடாநாட்டில், கடலைத் தாண்டி வரும் தமிழக வானொலி சில விடியற்காலைகளில் கொழும்பை விடத் தெளிவாகக் கேட்கும்.

அப்படியொரு காலையில் திருச்சி வானொலி நாதஸ்வரம் ஒலிபரப்பியது. கடையில் யாரும் அதைக் கவனித்துக் கேட்டதாக நினைவில்லை. இசை முடிந்ததும் அறிவிப்பாளர், "வாசித்தவர் ஷேக் சின்ன மௌலானா" என்றார். தேநீர்க் கோப்பைகள் பாதியில் நின்றன.

"மௌலானாவாம்! மௌலானாமாரு நாதஸ்வரம் ஊதுறயா?" என்று ஒருவர் கேட்டார். நம் நாட்டில் மௌலானா என்றால் நபிகளாரின் வழித்தோன்றல்களைக் குறிக்கும் பெயர். அப்பெயரோடு கோயில் வாத்தியத்தைச் சேர்த்து நினைக்க எவராலும் முடியவில்லை. சிலர் சிரித்தார்கள். சிலர் முகம் சுளித்தார்கள். எங்கள் அப்பா, அதாவது வாப்பாவின் வாப்பா, கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: "அவரு மௌலானாவோ என்னவோ, எனக்குத் தெரியா. ஆனா இந்த மூச்சு ஒரு நாளையில வந்த மூச்சில்ல."

அப்பா வெள்ளி இரவுகளில் ராத்திபு மஜ்லிஸில் றபான் பிடிப்பவர். இசை இலக்கணம் எதுவும் கற்றவரல்லர். பக்கத்தில் கடலை கொறித்துக்கொண்டு நின்ற எனக்கு அன்று அவர் சொன்னதில் எதுவும் விளங்கவில்லை. விளங்குவதற்கு நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் எனக்குக் கிடைத்திருந்த ஒன்றை நான் இழந்தும் விட்டேன். அதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் அந்த மூச்சு எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம்.

கரவாடியிலிருந்து ஸ்ரீரங்கம் வரை

ஷேக் சின்ன மௌலானா 1924இல் ஆந்திரக் கரையோரத்தில், இன்றைய பிரகாசம் மாவட்டத்தைச் சேர்ந்த கரவாடி என்னும் கிராமத்தில் பிறந்தார். அப்பகுதியில் தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் வாசித்து வரும் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. கோயில் திருவிழாக்களிலும் கல்யாணங்களிலும் வாசிப்பதே அவர்களின் தொழில். தொழுகையும் நோன்பும் அவர்களின் மார்க்கம். இரண்டுக்கும் இடையில் அவர்கள் சுவர் எழுப்பிக்கொள்ளவில்லை. சின்ன மௌலானாவின் முதல் ஆசான் அவருடைய தந்தையார் காசிம் சாகிபு. அதன் பின்னர் சிலகலூரிப்பேட்டை ஆதம் சாகிபு என்னும் பெயர்பெற்ற வித்துவானிடம் பயின்றார்.

இத்தோடு அவர் நின்றிருந்தால் ஆந்திரத்தில் நல்ல பெயரோடு வாழ்ந்து மறைந்திருப்பார். ஆனால் தஞ்சை மண்ணின் நாதஸ்வரம், குறிப்பாகத் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு, அவரை உலுக்கிவிட்டது. இராகத்தை அவசரமின்றி, நீண்ட மூச்சில், பாடகர் பாடுவதுபோல விரித்துச் செல்லும் பாணி அது. தாம் கற்றது ஒன்று, தாம் கேட்டது வேறொன்று என்று உணர்ந்த சின்ன மௌலானா, ஏற்கெனவே கச்சேரி செய்யும் கலைஞராக இருந்தும், தமிழகம் வந்து நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மாணவராக அமர்ந்தார். பின்னர் ஸ்ரீரங்கத்திலேயே குடியேறினார்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். கற்கத் தொடங்குவது எளிது. கற்றுப் பெயரெடுத்த பின்னர் மறுபடியும் அரிச்சுவடிக்குத் திரும்புவது மிகக் கடினம். விரல்கள் ஒருவிதமாகப் பழகியிருக்கும். மூச்சு ஒரு அளவுக்குப் பழகியிருக்கும். அந்தப் பழக்கத்தை உடைத்து வேறு பழக்கத்தை ஏற்ற, மறுபடியும் ஆயிரம் விடியற்காலைகள் வேண்டும். சபை தம்மைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போதே, தமக்கு இன்னும் வரவில்லை என்று தம்மிடமே ஒப்புக்கொள்ளும் மனமும் வேண்டும்.

1977இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. 1982இல் ஸ்ரீரங்கத்தில் சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமம் என்ற பயிற்சிக்கூடத்தை நிறுவினார். 1998இல் சென்னை மியூசிக் அகாதமி 'சங்கீத கலாநிதி' விருதளித்தது. அடுத்த ஆண்டு, 1999 ஏப்ரலில் அவர் காலமானார். அவரிடம் பயின்ற தம்பதியரான ஷேக் மஹபூப் சுபானியும் காலீஷாபி மஹபூபும் 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ பெற்றார்கள். பெண்கள் அரிதாகவே கையிலெடுத்த வாத்தியத்தை ஒரு முஸ்லிம் பெண் வாசித்து அவ்விருதைப் பெற்றார் என்பது நம் சஞ்சிகைகளில் போதிய அளவு எழுதப்படாத செய்தியாகும்.

சாதகம் என்றால் என்ன?

தமிழ் இசையுலகில் பயிற்சிக்குச் சாதகம் என்று பெயர். கடுமையான பயிற்சியை 'அசுர சாதகம்' என்பார்கள். நாதஸ்வரத்தில் அது எவ்வாறு நடக்கிறது என்று அறிந்துகொண்டால் அப்பா சொன்ன 'மூச்சு' புரியும்.

நாதஸ்வரம் ஆச்சா மரத்தில் கடையப்படுவது. அதன் தலையில் நாணலால் செய்த சீவாளி செருகப்படுகிறது. விரல் வைக்கும் துளைகள் ஏழே ஏழு. ஆனால் வாசிக்க வேண்டிய நுண்ணிய சுரங்களோ அதைவிடப் பல மடங்கு. துளையைப் பாதி மூடியும், சீவாளியை உதட்டால் இறுக்கியும் தளர்த்தியும், மூச்சைக் கூட்டியும் குறைத்தும் அவற்றைப் பிறப்பிக்க வேண்டும். ஹார்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் சுரம் அங்கே தயாராக இருக்கும். நாதஸ்வரத்தில் அது ஒவ்வொரு முறையும் வாசிப்பவரின் உதட்டில் புதிதாகப் பிறக்க வேண்டும். சில நாட்கள் வாசிக்காவிட்டால் உதடு தளர்ந்துவிடும். சபை அறியுமுன் அவருக்கே அது தெரிந்துவிடும்.

அக்காலத்தில் மாணவனின் கையில் உடனே நாதஸ்வரத்தைக் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் தாளம் போடச் சொல்வார்கள். பிறகு ஒத்து ஊதச் சொல்வார்கள். ஒத்து என்பது ஒரே சுரத்தை விடாமல் ஒலிக்கும் துணைக் கருவி. ஆசான் மணிக்கணக்காக இராகம் வாசிக்கையில், மாணவன் பின்னால் நின்று அந்த ஒற்றைச் சுரத்தைத் தாங்கிக்கொண்டிருப்பான். பார்ப்பவருக்கு அது வெறும் வேலை. உண்மையில் அவனுக்கு இரண்டு பயிற்சிகள் ஒருங்கே நடக்கின்றன: மூச்சு நீள்கிறது, காது நிறைகிறது.

பாடம் தொடங்கியதும் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று படிப்படியாகப் போகும். புரந்தரதாசர் வகுத்த முறை என்று மரபு சொல்லும். ஒவ்வொன்றையும் மூன்று காலங்களில், அதாவது மெதுவாகவும், அதன் இரு மடங்கிலும், நான்கு மடங்கிலும் வாசிக்க வேண்டும். மெதுவாக வாசிப்பதே கடினம் என்று வித்துவான்கள் சொல்வதுண்டு. வேகத்தில் பிழை மறைந்துவிடும். நிதானத்தில் அது வெளியே தெரியும். விடியற்காலையே சாதகத்துக்கு உகந்த நேரம் என்பார்கள். உடம்பு களைப்பின்றி இருக்கும், ஊர் அமைதியாக இருக்கும், பிழை காதில் தெளிவாக விழும்.

நம் மத்ரஸாக்களில் ஹிப்ளு ஓதும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. சுபஹுக்கு முன் எழுந்து புதிய பாடத்தை மனனமிடுவார்கள். உஸ்தாதிடம் ஒப்புவிப்பார்கள். பின்னேரம் பழைய பாடத்தைத் திருப்பி ஓதுவார்கள். பட்டம் பெற்று வெளியேறிய ஹாபிழும் திருப்பி ஓதுவதை விட்டுவிட்டால் மனனம் கரைந்துவிடும். றமழான் தறாவீஹுக்கு நிற்கும்போதுதான் அது தெரியவரும். ஓதலும் இசையும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மனித நாவும் மூச்சும் நினைவும் பழகும் விதம் ஒன்றுதான். அமலின் அளவை விட அதன் தொடர்ச்சியே மேலானது என்ற கருத்துடைய நபிமொழியை அறிந்த சமூகத்துக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ரியாஸ் என்னும் சொல்

வட இந்தியாவில் சாதகத்துக்கு 'ரியாஸ்' என்று பெயர். உர்தூவுக்கும் ஹிந்திக்கும் அது அரபியிலிருந்து வந்த சொல். 'ரியாழா' என்னும் அரபுச் சொல்லின் வேர், குதிரையை வசப்படுத்திப் பழக்குவதையும் குறிப்பது. இமாம் கஸ்ஸாலி (றஹ்) அவர்கள் தமது இஹ்யா உலூமித்தீனின் இருபத்திரண்டாவது நூலுக்கு 'ரியாழத்துந் நஃப்ஸ்' என்ற தலைப்பையே கொடுத்தார்கள். நஃப்ஸைப் பழக்குதல் என்பது அதன் பொருள். முரட்டுக் குதிரையை ஒரே நாளில் அடித்து வசப்படுத்த முடியாது. தினமும் அதே நேரத்தில், அதே கையால், சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். சூபிகள் ஆன்மாவுக்குச் சொன்ன அச்சொல்லை இசைக் கலைஞர்கள் தம் விரலுக்கும் குரலுக்கும் எடுத்துக்கொண்டார்கள். (இசை கூடுமா, கூடாதா என்ற வாதத்துக்குள் நான் நுழையவில்லை. அதே இஹ்யாவில் ஸமாஉ பற்றி இமாமவர்கள் தனி நூலே எழுதியிருக்கிறார்கள். விரும்புவோர் அங்கே பார்த்துக்கொள்ளலாம்.)

ரியாஸுக்கு எடுத்துக்காட்டாக எவரும் முதலில் சொல்லும் பெயர் உஸ்தாத் பிஸ்மில்லா கான். 1916இல் பீஹாரின் தும்ராவில் பிறந்தவர். சிறுவனாகக் காசிக்கு வந்து, விசுவநாதர் கோயிலில் ஷெஹ்னாய் வாசித்த மாமா அலீ பக்ஷிடம் கற்றார். கங்கைக் கரையிலுள்ள பாலாஜி கோயிலில்தான் அவருடைய நீண்ட காலப் பயிற்சி நடந்தது. ஆண்டுக்கணக்காக அதே இடம், அதே நதி. 1937இல் கல்கத்தா இசை மாநாட்டில் அவர் வாசித்தபோதுதான், கல்யாண வாசலில் ஒலித்துக்கொண்டிருந்த ஷெஹ்னாய் கச்சேரி மேடைக்குரிய வாத்தியமாக உலகுக்குத் தெரிந்தது. 2001இல் பாரத ரத்னா பெற்றார். 2006 ஆகஸ்டில் காலமானபோது அவரோடு ஒரு ஷெஹ்னாயும் அடக்கம் செய்யப்பட்டது.

கோயில் வளாகத்தில் ஒரு ஷியா முஸ்லிம் இளைஞன் பயிற்சி செய்தான் என்பதை மத நல்லிணக்கத்துக்குச் சான்றாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். அது சரியே. ஆனால் நான் அதில் இன்னொன்றையும் காண்கிறேன். அவருக்கு ஓர் இடம் இருந்தது. ஒரு நேரம் இருந்தது. பிழையைச் சொல்ல ஒரு மாமா இருந்தார். சின்ன மௌலானாவுக்கும் இம்மூன்றும் இருந்தன. தந்தையின் முற்றம், நாச்சியார்கோவிலின் விடியற்காலை, இரு ஆசான்களின் காது. பயிற்சியைத் தனிமனிதனின் மனவுறுதி என்று மட்டும் பேசிப் பழகிய நாம் இதைக் கவனிப்பதில்லை.

அளந்து பார்த்தவர்கள்

மேல்நாட்டார் இதை எண்ணிக்கையாலும் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆண்டர்ஸ் எரிக்சன் என்னும் உளவியலாளரும் அவருடைய சகாக்களும் மேற்கு பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பதினெட்டு வயதுக்குள் தனியாகச் செய்த பயிற்சி, தலைசிறந்த மாணவர்களுக்குச் சராசரியாக 7,400 மணித்தியாலங்களுக்கு மேல். அடுத்த நிலையினருக்கு ஏறத்தாழ 5,300. இசை ஆசிரியராகப் போகவிருந்தோருக்கு ஏறத்தாழ 3,400. பிற்காலத்தில் பிரபலமான 'பத்தாயிரம் மணித்தியாலம்' என்ற பேச்சு இதிலிருந்து கிளைத்ததுதான்.

ஆனால் அதே ஆய்வின் இன்னொரு பகுதி அதிகம் பேசப்படவில்லை. சிறந்த மாணவர்கள் நாள் முழுதும் வாசித்துக்கொண்டிருக்கவில்லை. நாளொன்றுக்குச் சராசரியாக மூன்றரை மணித்தியாலம்தான் தனிப்பயிற்சி. அதுவும் பெரும்பாலும் காலையில், இடையிடையே ஓய்வோடு. மற்றவர்களை விட அவர்கள் அதிகம் தூங்கினார்கள். வந்ததையே திரும்பத் திரும்ப வாசித்து மகிழாமல், வராத இடத்தில் நின்று அதைத் திருத்தினார்கள். எனவே வெறும் திரும்பச் செய்தல் பயிற்சியாகாது. பிழையோடு ஆயிரம் தடவை வாசித்தால் பிழைதான் பழகும்.

பயிற்சியே எல்லாம் என்று சொல்லிவிடவும் முடியாது. புரூக் மக்னமாராவும் சகாக்களும் இத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் கணித்தபோது, இசைத் திறமையில் ஆளுக்காள் காணப்படும் வேறுபாட்டில் நூற்றுக்கு 21 பங்கையே பயிற்சியால் விளக்க முடிந்தது. மீதியில் பிறவித் திறன், தொடங்கிய வயது, குடும்பச் சூழல் எனப் பலவும் இருக்கக்கூடும். இதைப் படித்தபோது எனக்கு மனம் தளரவில்லை. மீதியில் பெரும்பகுதி நம் கையில் இல்லாதது. இந்த 21 பங்கு நம் கையில் இருப்பது. கையிலிருப்பதைத்தானே நாம் பேச வேண்டும்.

நம் மாவட்டத்தின் பாடம்

காசிக்கும் பெர்லினுக்கும் போய்வந்த நான் இனி எங்கள் புத்தளம் மாவட்டத்துக்குத் திரும்புகிறேன்.

புத்தளம் நகருக்கு அண்மையில் சிறாம்பியடி என்றொரு கிராமம் உண்டு. அந்நிய ஆட்சிக் காலங்களில் படையினராகவும் அடிமைகளாகவும் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். காப்பிரிகள் என்று அழைக்கப்படுவோர். அரபு வணிகர்கள் வழங்கிய 'காபிர்' என்னும் சொல்லைப் போர்த்துக்கேயர் எடுத்துக்கொண்டு அம்மக்களுக்கு இட்ட பெயர் அது. இன்று அவர்கள் கத்தோலிக்கர்கள். அன்றாடம் பேசுவது சிங்களம். ஆனால் 'மஞ்சா' என்னும் அவர்களின் பாடல்கள் இன்னமும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியிலேயே உள்ளன. றபானும் டோலக்கும், கிடைக்காதபோது சிரட்டையும் கரண்டியும் போத்தலும் தாளமாகின்றன. பாடுகிறவர்களில் பலருக்கு அம்மொழியில் உரையாடத் தெரியாது. பேச்சுமொழி கைநழுவியும் பாடல் எப்படி நின்றது? குடும்பம் கூடும்போதெல்லாம் பாடினார்கள். பாட்டி பாடும்போது பேத்தி கைதட்டினாள். பயிற்சி என்ற பெயரில்லாமல் பயிற்சி நடந்தது. அகராதி இல்லாமலே அவை தலைமுறை தாண்டின.

இதற்கு எதிரான பாடம் எங்கள் கரையிலேயே உண்டு. கரைவலை இழுக்கும்போது பாடுவது அம்பாப் பாட்டு. ஒருவர் எடுத்துக்கொடுக்க, கயிறு பிடித்த அத்தனை பேரும் திருப்பிப் பாடுவார்கள். கால் மணலில் ஊன்றும் கணமும் கயிறு இழுபடும் கணமும் பாட்டின் தாளத்தில் ஒன்றாகும். எடுத்துக்கொடுப்பவருக்குக் கடற்காற்றையும் அலையையும் மீறும் குரல் வேண்டும். மடி பாரமாக வந்தால் தாளத்தை மெதுவாக்கவும், கரையை நெருங்கினால் கூட்டவும் தெரிய வேண்டும். அவருக்கு எவரும் வகுப்பெடுக்கவில்லை. பருவகாலம் முழுதும் நாள் தவறாமல் வலை இழுத்ததே அவருடைய சாதகம். பின்னர் நம் நாட்டுக் கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய சுழல் பொறியால் வலை இழுக்கும் வழக்கம் வந்தது. அது தொழிலாளியின் முதுகை ஓரளவு காத்தது, அதை நான் குறை கூற மாட்டேன். ஆனால் இயந்திரத்துக்குப் பாட்டுத் தேவையில்லை. அம்பா பாடக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. பாடுவதற்கான அந்த நேரம் மட்டும் இல்லாமல் போயிற்று. அத்தோடு குரலும் போயிற்று.

எங்கள் பெரியவர்களின் வெள்ளி இரவுகளும் அப்படித்தான். ராத்திபு, மௌலிது, பைத்து, முனாஜாத்து, கிஸ்ஸா படித்தல் எல்லாம் நம் ஊர்களின் இசைப்பள்ளிகளாகவும் இருந்தன. வாரத்தில் ஒரு நாள், றபீஉல் அவ்வலில் பன்னிரண்டு நாள் என்று நாட்காட்டியே பயிற்சி அட்டவணையாக இருந்தது. நாகூர் ஈ.எம். ஹனீபா (1925–2015) முறைப்படி சங்கீதம் கற்றவரல்லர். ஆனால் சிறுவனாகவே கல்யாண வீடுகளிலும் ஊர்வலங்களிலும் பாடிப் பாடி வளர்ந்த குரல் அது. சேலத்தில் 1919இல் பிறந்து, இளவயதில் இலங்கைக்கு வந்து, 1947இல் 'அசோகமாலா' படத்தில் பாடி, சிங்கள மக்களின் வெசாக் காலத்தோடே ஒன்றாகிவிட்ட முகைதீன் பேக்கும் (1991இல் காலமானார்) பல பத்தாண்டுகள் ஓயாமல் பாடியவர். இவர்களைப் பற்றிப் பேசும்போது "அல்லாஹ் கொடுத்த குரல்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். குரலை அல்லாஹ் கொடுத்தான், அதில் ஐயமில்லை. அதைத் தினமும் எடுத்துப் பழக்கியது யார் என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

நான் இழந்தது

இனி என் கதை. எனக்குப் பன்னிரண்டு வயதில் பாடசாலை மீலாத் விழாவில் ஹனீபாவின் பாடலொன்றைப் பாடினேன். முதற்பரிசு கிடைத்தது. "புள்ளைக்கு அல்லாஹ் தந்த குரல்" என்று ஊரெல்லாம் பேசியது. அந்தப் பேச்சு எனக்குப் போதுமானதாக இருந்தது. தந்தது அவன் என்றால் நான் செய்ய என்ன இருக்கிறது?

அப்பா மட்டும் புகழவில்லை. "வெள்ளி இரவுல வந்து பக்கத்துல இரு மகன். பாட வேணாம், கேட்டா போதும்" என்றார். ஒத்து ஊதும் மாணவனுக்கு ஆசான் சொன்னது போன்ற சொல் அது என்று இன்று விளங்குகிறது. நான் இரண்டு வாரம் போனேன். ஒரே பைத்தைத் திரும்பத் திரும்பப் பாடும் கிழவர்கள் மத்தியில் எனக்குச் சலிப்பாக இருந்தது. மூன்றாம் வாரம் போகவில்லை. அப்பா மறுபடியும் அழைக்கவுமில்லை.

குரல் உடைந்து திரும்பிய வயதில், அதைப் பழக்கி எடுக்க ஆளும் இல்லை, எனக்கு அக்கறையும் இல்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு கல்யாண வீட்டில் அதே பாடலைப் பாடச் சொன்னார்கள். மேலே ஏறும் இடத்தில் குரல் பிளந்தது. இளைஞர்கள் சிரித்தார்கள். அப்பா அந்தப் பந்தலில் இருந்தார். சிரிக்கவுமில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. அதன் பின்னர் நான் சபையில் பாடியதில்லை. அடுத்த ஆண்டு அவர் மௌத்தானார். அவரிடம் இருந்த பைத்துகளில் முழுமையாக எனக்குத் தெரிந்தவை இரண்டோ மூன்றோதான். மற்றவை அவரோடு போயின.

1990 ஒக்டோபர் மாத இறுதியில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். 75,000 வரையிலானோர் வீடிழந்தனர். அவர்களில் பெருந்தொகையினர் எங்கள் மாவட்டத்துக்கு, குடாநாட்டின் தென்னந்தோப்புகளுக்கும் மணல்வெளிகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். எங்கள் வீட்டுக்கு அருகே ஓலைக் கொட்டிலில் தங்கியிருந்த மன்னார்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவரை நான் மறக்க முடியாது. உடுத்த துணியோடு வந்தவர். அவருடைய றபான் ஊரிலேயே தங்கிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் மஃரிபுக்குப் பின், நிவாரணமாகக் கிடைத்த பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்து, விரல்களால் மெதுவாகத் தட்டுவார். வாயில் பைத்து ஓடும். பேரப்பிள்ளைகள் இருவர் அருகே இருப்பார்கள்.

"ஏன் பெரியப்பா, வாளியில போய்த் தட்டுறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"றபான் போனா வாங்கலாம் தம்பி. கை போனா எங்க வாங்குற?" என்றார்.

ஊரையும் வீட்டையும் தோணியையும் இழந்த மனிதர் தம் பயிற்சி நேரத்தை இழக்கவில்லை. எதையும் இழக்காத நான் அதை இழந்திருந்தேன். அன்றிரவுதான் தேநீர்க் கடையில் அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. முழுதும் விளங்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

நம் எழுத்தாளர்கள் மாநாடுகள் கூட்டுகிறோம், மலர்கள் வெளியிடுகிறோம், அழியும் கலைகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று தீர்மானம் போடுகிறோம். பதிவு தேவைதான். ஆனால் ஒலிநாடாவில் இருக்கும் பைத்து ஒலிநாடாவில்தான் இருக்கும். ஒரு பிள்ளையின் தொண்டையில் அது இருக்க வேண்டுமானால், அந்தப் பிள்ளைக்கு ஓர் இடமும், வாரத்தில் மாறாத ஒரு நேரமும், பிழையைக் கேட்டுத் திருத்த ஒரு பெரியவரும் வேண்டும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு திண்ணை போதும்.

அப்பாவின் றபான் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. சென்ற ஆண்டு என் மகளின் மகன் அதைக் கண்டெடுத்து வந்து தட்டிப் பார்த்தான். சத்தம் எழவில்லை. "பழுதாப் போச்சா அப்பா?" என்று கேட்டான். பழுதாகவில்லை. தோல் தளர்ந்திருந்தது. அப்பா செய்வதைப் பார்த்திருந்தபடி, தென்னோலை கொளுத்தி, அனலில் காட்டித் திருப்பித் திருப்பி வாட்டினேன். மெல்ல இறுகியது. தட்டியபோது பழைய சத்தத்தில் பாதி வந்தது.

மறுநாள் பார்த்தால் மறுபடியும் தளர்ந்திருந்தது. கடற்காற்றின் ஈரம் அப்படி. அவன் ஏமாற்றத்தோடு என்னைப் பார்த்தான். "ஒவ்வொரு நாளும் சூடு காட்டத்தான் வேணும் மகன்" என்றேன். இப்போது அஸருக்குப் பின் இருபது நிமிடம் இருவரும் உட்காருகிறோம். எனக்குத் தெரிந்த அந்த இரண்டு மூன்று பைத்துகளைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். ஒன்று இன்னும் சரியாக வரவில்லை. அவனுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. நாளைக்கும் உட்காருவோம்.